நான்காவது நோயாளி

மார்ச் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, பகல் ஒன்று நாற்பத்தெட்டுக்கு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்புறமுள்ள குறுக்குத் தெருவில் ஆறாம் எண் வீட்டுக் கூடத்தில், இருபத்தொன்பது வயதான செவிலி ஒருத்திக்கு மாதிரித் தேர்வில் ஒரு மதிப்பெண் குறைக்கப்பட்டது. காரணம் எழுதவேண்டிய கட்டத்தில் ‘வரிசை மீறல்’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. கீழே தேதியோடு கையெழுத்து.

கையெழுத்துப் போட்டவர் அவளுடைய மாமனார். அவர் பேனாவை மூடிக்கொண்டிருந்த அதே நேரத்தில், நாலடி தள்ளி, நாற்காலியிலிருந்து சரிந்திருந்த அவருடைய தங்கைக்கு மருமகள் சர்க்கரைத் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தாள்.

மாமனாரைத் தெருவில் எல்லோரும் சூப்பிரண்டு என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு பெரிய அலுவலகத்தில் பணிமூப்புப் பட்டியல் தயாரிக்கும் பிரிவில் முப்பத்தொரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். யாருக்கு முன்னால் யார், யாருக்குப் பின்னால் யார் என்பதைத் தவிர வேறெதையும் அந்த முப்பத்தொரு வருடத்தில் அவர் யோசித்ததில்லை. யோசிக்கும்படி யாரும் கேட்டதுமில்லை. ஓய்வு பெற்ற மறுவாரமே வீட்டுக்கும் ஒரு பட்டியல் தட்டச்சு செய்து சமையலறைக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவிட்டார். குளியலுக்கு ஒரு வரிசை, செய்தித்தாளுக்கு ஒரு வரிசை, மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள நாற்காலிக்கு ஒரு வரிசை. சாப்பாடு ஏழாவது இனம். பன்னிரண்டரைக்கு அவரும் மகனும். ஒன்றே முக்காலுக்கு மாமியாரும் மருமகளும். இரண்டேகாலுக்குச் சின்னத்தை.

சின்னத்தை என்பது மாமனாரின் தங்கை. கல்யாணமாகி இரண்டாம் வருடமே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்குத் திரும்பி இருபத்தாறு வருடம் ஆகியிருந்தது. புருஷன் இல்லாதவள் கடைசியில் சாப்பிடுவது என்பது அந்த வீட்டில் பட்டியலுக்கு முன்பிருந்தே உள்ள வழக்கம்; மாமனார் அதற்கு நேரம் மட்டும்தான் குறித்தார். வீட்டில் எல்லோருக்கும் முன்னால் எழுந்திருக்கிறவளும் அவள்தான். எழுந்திருப்பதற்கு மட்டும் பட்டியலில் வரிசை இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன் சின்னத்தைக்குச் சர்க்கரை நோய் வந்தது. டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்து, பகல் உணவுக்கு அரை மணி முன்பு என்று சீட்டில் எழுதினார். வீட்டு மருந்துகள் முழுவதும் மாமனார் பொறுப்பு. பன்னிரண்டு மணிக்கு ஒரு சின்ன மணியை அடித்து, எல்லோருக்கும் உரிய மாத்திரையை அவரே கையில் போடுவார். இந்த வீட்டில் பகல் உணவு பன்னிரண்டரைக்கு. ஆகவே உணவுக்கு அரை மணி முன்பு என்றால் பன்னிரண்டு. அவருடைய கணக்கில் ஒரு தப்பும் இல்லை. சின்னத்தைக்குச் சோறு கிடைக்க இன்னும் இரண்டேகால் மணி நேரம் இருக்கிறது என்பது மட்டும் அந்தக் கணக்குக்குள் வரவில்லை.

மருமகளுக்கு இந்த இடைவெளி முதல் நாளிலிருந்தே உறுத்தியது. ஒன்றரை மணி வாக்கில் சின்னத்தையின் கை நடுங்கும். பாத்திரம் துலக்கிக்கொண்டே இருப்பவள் எதற்கு அந்தப் பாத்திரத்தைக் கையில் எடுத்தோம் என்று மறந்து நிற்பாள். கேட்டால் வெக்கை என்பாள். மாமனாரிடம் மருமகள் மூன்று முறை சொல்லிப் பார்த்தாள். மூன்று முறையும் அவர் டாக்டர் சீட்டை எடுத்துக் காட்டினார். மாமியாரிடம் சொன்னதற்கு, அவளே ஒன்றும் சொல்லவில்லையே, உனக்கு என்ன வந்தது என்று பதில் வந்தது. சின்னத்தையின் கையில் இரண்டு பிஸ்கட்டைத் திணித்தால், அதை அவள் டப்பாவில் திரும்பப் போட்டுவிட்டு, "பெரியவங்க சாப்பிட்டு முடிக்கட்டும் கண்ணு," என்பாள். வரிசையை மற்றவர்களைவிட அவள்தான் ஒழுங்காகக் கடைப்பிடித்தாள்.

இந்த நிலையில்தான் தேர்வு வந்து சேர்ந்தது.

மருமகள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் தற்காலிகச் செவிலியர்கள் எல்லோரும் ஒரு தேர்வு எழுத வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. நோயாளியின் பாதுகாப்புக்கு ஏற்ற முடிவு எடுக்கத் தெரிகிறதா என்று பார்க்கும் தேர்வு. நூறு கேள்விகள், அநேகமாக எல்லாமே ஒரே சங்கதிதான். நான்கு பேர் படுத்திருக்கிறார்கள், நீ ஒருத்திதான் இருக்கிறாய், யாரிடம் முதலில் போவாய்? தேறாதவர்களுக்கு மாதக் கடைசியோடு வேலை இல்லை. மருமகள் ஒரு வினா விடைப் புத்தகம் வாங்கி வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். மாமனார் சும்மா புரட்டினார். பத்துப் பக்கம் தாண்டியதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இது என் சப்ஜெக்ட்டும்மா," என்றார்.

அன்று சாயங்காலத்துக்குள் புத்தகத்தின் விடைகளில் நாற்பத்து மூன்று பிழைகள் கண்டுபிடித்துவிட்டார். முதல் கேள்வியே தப்பு என்றார். அதில் ஒருவர் அறுபத்தெட்டு வயது, ஓய்வு பெற்ற அதிகாரி, வெந்நீர் வரவில்லை என்று அரை மணியாக மணி அடித்துக்கொண்டிருக்கிறார். இன்னொருவருக்கு மூச்சு விடும்போது சத்தம் வருகிறது. புத்தகம் இரண்டாமவரிடம் போகச் சொல்கிறது. மாமனார் விரலை மடக்கி எண்ணிக் காட்டினார். வயது இருக்கிறது, பதவி இருக்கிறது, முதலில் விண்ணப்பித்தவரும் இவர்தான். மற்றவருக்கு மூச்சுத் திணறல் என்ற ஒரே ஒரு தகுதிதான் இருக்கிறது.

டாக்டர் தவறுதலாகப் பத்து மடங்கு மருந்து எழுதிவிட்டால் என்ன செய்வாய் என்ற கேள்விக்கு, மருந்தை நிறுத்திவைத்து டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்று போட்டிருந்தது. மேலதிகாரியின் உத்தரவை நிறுத்திவைக்கக் கீழே உள்ளவருக்கு அதிகாரம் கிடையாது என்று மாமனார் அதை அடித்தார். முதலில் கொடுத்துவிட வேண்டும், பிறகு விளக்கம் கேட்டுக் கடிதம் எழுத வேண்டும்.

"கடிதம் யாருக்காக மாமா? அதுக்குள்ள அவர் செத்திருப்பாரே."

"ஃபைலுக்காகம்மா," என்றார் அவர், பொறுமையாக.

இருபத்தேழாவது கேள்வியில் மூன்று பேர் முனகுகிறார்கள். நான்காவது ஆள் பேசாமல் கிடக்கிறார். பேசாதவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்றது புத்தகம். மாமனார் இதற்கு நிஜமாகவே வருத்தப்பட்டார். இப்படிப் புத்தகம் போட்டால் படிக்கிற பிள்ளைகள் என்னவாகும் என்றார். "கேக்காதவங்க பேர்ல எதுவும் பெண்டிங் இருக்காதும்மா. இதை மட்டும் நல்லா மனசுல வச்சுக்கோ."

அந்த வாரக் கடைசியில் விடைப் பக்கங்கள் முழுவதும் சிவப்பாகிவிட்டன. பதிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் திருத்தப் பட்டியல் போயிற்று. பதில் வரவில்லை. தப்பை ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று மாமனார் எடுத்துக்கொண்டார். தேர்வு எழுதத் தேவையான ஹால் டிக்கெட் தபாலில் வந்தபோது அவரே கையெழுத்துப் போட்டு வாங்கி, ஒரு கோப்பில் சேர்த்து, இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார். வீட்டில் அவர் வைக்கும் தேர்வில் நூற்றுக்கு எண்பது எடுத்தால் ஹால் டிக்கெட் கைக்கு வரும். ஆயத்தமில்லாமல் போய்க் குடும்பப் பெயரைக் கெடுக்கக் கூடாது.

புருஷனிடம் முறையிட்டாள். அவன் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தான். எந்த விஷயத்தையும் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் தெளிவாகத் தெரியும் என்பது அவன் கொள்கை. "அப்பா சொல்றத இங்க எழுதிடு, புக்ல இருக்கறத அங்க எழுதிடு. இதுல என்ன கஷ்டம்?" என்றான்.

கஷ்டம் இருந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு விடை மனப்பாடம் செய்தாள். காலையில் வீட்டு விடை, பஸ்ஸில் புத்தக விடை. ஒருநாள் வார்டில் இரண்டு மணிகள் சேர்ந்து ஒலித்தபோது, அவள் கால் தானாகவே வயதானவர் கட்டிலை நோக்கித் திரும்பிவிட்டது. வேகமாகத் திருத்திக்கொண்டாள். ஆனால் அன்று முழுவதும் தன் கால் மேலேயே அவளுக்கு நம்பிக்கையில்லை.

செவ்வாய்க்கிழமை கண்ணாடிக் கடைக்கு விடுமுறை, அவளுக்கும் மூன்று மணிக்குத்தான் டியூட்டி. அதனால் வீட்டுத் தேர்வு பதினொன்றாம் தேதி, முதல் பந்தி முடிந்து, ஒரு மணிக்குக் கூடத்தில் என்று முடிவாயிற்று. எழுத்துத் தேர்வை வீட்டு விடைகளாகவே எழுதினாள். பத்து மடங்கு மருந்தைக் கொடுத்தாள். மூச்சுத் திணறியவரைக் காக்க வைத்தாள். மாமனார் அங்கேயே திருத்திக் கூட்டினார். பழைய பழக்கத்தில் ஆங்காங்கே புத்தக விடை எழுதிவிட்டதால் இருபது போயிருந்தது. சரியாக எண்பது.

"பாஸ்," என்றார் மாமனார். முகத்தில் உண்மையான சந்தோஷம். "செய்முறை ஒண்ணு பாக்கி. அதுக்கு மார்க் கிடையாது. தப்புப் பண்ணினா குறைப்பு மட்டும்."

செய்முறைக்கு நான்கு நாற்காலிகள் வரிசையாகப் போடப்பட்டிருந்தன. முதல் நோயாளி மாமனார். ஓய்வு பெற்ற அதிகாரி, வெந்நீர் வரவில்லை. தேர்வு நடத்துபவரும் அவரே என்பதால் மடியில் அட்டையும் பேனாவும் இருந்தன. இரண்டாவது மாமியார், வயிற்று வலி. மூன்றாவது புருஷன், கால் எலும்பு முறிவு. அவன் ஒரு முக்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான்காவது நாற்காலிக்குப் பேசாத நோயாளி ஒருவர் தேவைப்பட்டார். சமையலறையிலிருந்து சின்னத்தை கூப்பிடப்பட்டாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

மாமனார் மணி அடித்தார். மாமியார் முனக ஆரம்பித்தாள். இப்படி ஒரு வாய்ப்புக்காகவே அவள் காத்திருந்தாள். முப்பத்திரண்டு வருடக் குடித்தனத்தில் வலிக்கிறது என்று ஒருநாளும் சொல்ல வாய்க்காதவள், வயிற்றில் தொடங்கி முதுகு, முழங்கால், வலது தோள் என்று ஒவ்வொன்றாக நிதானமாகச் சொல்லி அழுதாள். அடுத்த வீட்டு ஜன்னல் திறந்து மூடியது.

"சிஸ்டர், எனக்கு வெந்நீர் எங்கே?" என்றார் மாமனார், கணீரென்று.

மருமகள் வீட்டு விடைப்படி முதல் நாற்காலியை நோக்கி இரண்டு அடி வைத்தாள். வெந்நீர் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட வேண்டியதுதான். எண்பது எண்பதாகவே நிற்கும், ஹால் டிக்கெட் கையில். அப்போதுதான் நான்காவது நாற்காலி கண்ணில் பட்டது. சின்னத்தையின் தலை ஒரு பக்கம் தொங்கியிருந்தது. நெற்றி, மேலுதடு, கழுத்து எல்லாம் வியர்வை.

"தத்ரூபமா பண்றா பாரு," என்றார் மாமனார், பெருமையாக. "வேர்வைகூட வர வச்சிருக்கா."

மாமியார் தன் அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். தனக்குக் கிடைக்கவேண்டிய பாராட்டு போய்விட்டதே என்ற பார்வை.

மருமகள் முதல் நாற்காலியைத் தாண்டிப் போனாள். சின்னத்தையின் கையைத் தொட்டாள். ஜில்லென்று ஈரமாக இருந்தது. அதே வேகத்தில் அலமாரி மேலிருந்த, ‘சொந்த உபயோகத்துக்கு மட்டும்’ என்று மாமனார் ஒட்டி வைத்திருந்த சர்க்கரை பார்க்கும் கருவியை எடுத்தாள்.

"அம்மா, முதல்ல நான்," என்றார் மாமனார். மணியை மறுபடி அடித்தார். "நான் கூப்பிட்டிருக்கேன். அவ கூப்பிடவே இல்ல."

விரல் நுனியில் ஊசி குத்தும்போது சின்னத்தை கையை இழுக்கவில்லை. கருவி நாற்பத்தொன்று காட்டியது; எழுபதுக்குக் கீழே போகவே கூடாது.

"சின்னத்தை, இங்க பாருங்க. ஒரு வாய் தண்ணி. முழுங்குங்க பாப்போம்." சின்னத்தை கண்ணை அரைகுறையாகத் திறந்து முழுங்கினாள். முழுங்கத் தெரிகிறது என்று உறுதியான பிறகுதான் மருமகள் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்தாள். அதற்குள் சின்னத்தை நாற்காலியிலிருந்து சரிந்திருந்தாள். அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள்.

மாமனார் அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட்டது இப்போதுதான்.

"எழுபத்தொன்பது," என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது.

"மாமா, இவங்க நடிக்கல," என்றாள் மருமகள். "காலையில அஞ்சு மணிக்குக் குடிச்ச டீயோட இருக்காங்க. நீங்க குடுத்த மாத்திரை உள்ள வேலை செய்யுது." பிறகு புருஷன் பக்கம் திரும்பி, வண்டி கூப்பிடும்படி சொன்னாள். எலும்பு முறிந்த காலோடு அவன் வாசலுக்கு ஓடினான்.

கால் மணி கழித்துச் சோதித்தபோது அறுபத்து மூன்று. மறுபடி சர்க்கரைத் தண்ணீர். வண்டி வருவதற்குள் தொண்ணூறைத் தொட்டது. சின்னத்தை கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்த்துவிட்டு, முதலில் கேட்டது அண்ணன் சாப்பிட்டாச்சா என்பதுதான். அந்த மாத்திரையின் வேகம் மறுபடி திரும்பி வரலாம் என்பதால், தெளிந்துவிட்டாளே என்று விடாமல் மருமகள் தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கே அழைத்துப்போனாள். ஒரு நாள் வைத்துப் பார்த்தார்கள். மாத்திரையை யார் கொடுக்கிறார்கள் என்று டாக்டர் கேட்டதற்கு, கூடவே வந்திருந்த மாமனார் முன்னால் வந்து, இரண்டு வருடத்தில் ஒருநாள்கூட ஐந்து நிமிடம் தாமதமானதில்லை என்று சொன்னார். டாக்டர் சீட்டை வாங்கினார். மாத்திரையைப் பாதியாக்கி, ‘சாப்பாட்டோடு மட்டும்’ என்று எழுதி இரண்டு கோடு போட்டார்.

மருமகள் அன்றே ஒரு சம்பவ அறிக்கை எழுதினாள். மாமனாருக்குப் புரியும் மொழியில்தான் எழுதினாள். பொருள்: மாத்திரை வழங்கியதற்கும் உணவு வழங்குவதற்கும் உள்ள இரண்டேகால் மணி நேர இடைவெளி தொடர்பாக. பார்வை: சமையலறைக் கதவுப் பட்டியல், இனம் ஏழு. வேண்டுகோள்: சின்னத்தையின் பகல் உணவைப் பன்னிரண்டரைக்கு மாற்ற வேண்டும்.

மாமனார் இரண்டு முறை படித்தார். ஓரம் விட்டிருக்கும் விதம் நன்றாக இருக்கிறது என்றார். பெறப்பட்டது என்று எழுதித் தேதி போட்டார். வியாழக்கிழமை சமையலறைக் கதவில் புதிய பட்டியல் ஒட்டப்பட்டது. சின்னத்தையின் மாத்திரை நேரம் பன்னிரண்டிலிருந்து இரண்டேகாலுக்கு மாற்றப்பட்டிருந்தது. சாப்பாட்டோடு மட்டும் என்ற டாக்டரின் நிபந்தனை முழுமையாக நிறைவேறிவிட்டது. சாப்பாட்டு வரிசையில் திருத்தம் தேவைப்படவில்லை.

ஹால் டிக்கெட் விஷயத்தில் விதி விதிதான் என்றார். எண்பது என்றால் எண்பது. மறுதேர்வு ஞாயிற்றுக்கிழமை பகல் ஒரு மணிக்கு வைக்கலாம்.

"நிஜத் தேர்வே ஞாயித்துக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மாமா."

"ஆறு மாசம் கழிச்சு இன்னொண்ணு வருமேம்மா. அதுக்குள்ள நல்லா தயாராயிடலாம்."

அதுவரை வேலை இருக்காது என்று அவள் சொன்னாள். அதுவும் தயாராவதற்கு வசதிதான் என்று அவர் சொன்னார்.

சனிக்கிழமை பன்னிரண்டரைக்கு மாமனாரும் மகனும் மேசையில் உட்கார்ந்தார்கள். மருமகள் பரிமாறிக்கொண்டிருந்தாள். சமையலறையிலிருந்து சின்னத்தை ஒரு தட்டோடு வந்தாள். அது யாருக்கோ கொண்டுவரும் தட்டு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் மூன்றாவது நாற்காலியை இழுத்து, தட்டைத் தன் முன்னால் வைத்து உட்கார்ந்தாள். நாற்காலி இழுபட்ட சத்தம் கொஞ்சம் பெரிதாகவே கேட்டது.

"உன் டைம் ரெண்டேகால்," என்றார் மாமனார்.

"பசிக்குதுண்ணா."

"இத்தனை வருஷத்துல ஒருநாளும் நீ சொன்னதே இல்லையே."

"இப்ப சொல்லிட்டேன்ல," என்றாள் சின்னத்தை. "பெண்டிங்ல போட்டுடாதீங்க." பிறகு கையை நீட்டினாள். "மாத்திரை."

மாமனார் மகனைப் பார்த்தார். மகன் தட்டைப் பார்த்தான். மாமனார் பக்கத்திலிருந்த மணியை எடுத்து ஒருமுறை அடித்தார். எதற்காக அடித்தார் என்று அவருக்கே தெரிந்திருக்க நியாயமில்லை. சத்தம் கேட்டு மாமியார் உள்ளிருந்து வந்தாள். மேசையைப் பார்த்தாள். எனக்கும்தான் காலையிலிருந்து பசி என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, நான்காவது நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். வேறு நாற்காலி இல்லை. முறிந்த காலுக்குப் போட்ட முக்காலியை மருமகள் மூலையிலிருந்து இழுத்துப் போட்டுக்கொண்டாள். மாமனார் பாதி மாத்திரையை எடுத்துத் தங்கையின் கையில் போட்டார்.

சின்னத்தை முழுவதும் சாப்பிட்டு முடித்து, கை கழுவிக்கொண்டு வந்து, ஒரு காகிதத்தை மருமகளின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஹால் டிக்கெட்.

"அலமாரிச் சாவி இருக்கிற இடம் உனக்கெப்படித் தெரியும்?" என்றார் மாமனார்.

"இருபத்தாறு வருஷமா இந்த வீட்டை நான்தானே தொடைக்கிறேன். யாரும் கேக்கல, நானும் சொல்லல."

மருமகள் ஞாயிற்றுக்கிழமை தேர்வு எழுதினாள். எண்பத்தெட்டு வாங்கினாள். தெருவில் கேட்டவர்களிடம் மாமனார், பயிற்சி கொடுத்தது தான்தான் என்று சொன்னார். வீட்டுத் தேர்வில் அவளுடைய மதிப்பெண் எழுபத்தொன்பதாகவே கோப்பில் இருக்கிறது. சமையலறைக் கதவுப் பட்டியலும் மாற்றப்படவில்லை. அதில் சின்னத்தையின் சாப்பாட்டு நேரம் இன்றும் இரண்டேகால். அவள் பன்னிரண்டரைக்குச் சாப்பிடுகிறாள்.